துக்க வீட்டு மரம்

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் பெர்சி போன் செய்தாள். வழக்கமாக அவள் போன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கட்டுமா என்று முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை, அதுவும் காலையில் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தேன்.

"கிறிஸ்மஸுக்கு லீவு போடலாமான்னு பாக்கேன்" என்றாள்.

"போடு. இதுல யோசிக்க என்னட்டி இருக்கு?"

"மரம் வைப்பீங்களாம்மா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"வச்சா வாரேன். இல்லன்னா பொறவு எப்பமாவது பாக்கலாம்."

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு விசிலில் பள்ளிக்கூடம் முழுவதையும் வரிசையில் நிறுத்திய பி.டி. டீச்சர் நான். என் மகளிடம் மட்டும் கதை தலைகீழ். அவள் விசில் ஊதுவாள், நான் நிற்பேன்.

அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவள், அங்கேயே வேலையும் பார்க்கிறாள். போனதிலிருந்து ஒரு கிறிஸ்மஸுக்கும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. பிப்ரவரியில் அவள் அப்பாவை அடக்கம் செய்ய வந்தாள், மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

இந்த வீட்டில் கடைசியாக மரம் வைத்ததும் அவள்தான். ஏழாம் வகுப்பு படித்தாள். அதற்குள் அவள் அப்பா பழைய கோயிலை, அதாவது எங்கள் சர்ச்சை, விட்டுவிட்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்திருந்தார். சபையில் கிறிஸ்மஸ் கிடையாது, நகை கிடையாது. மரத்தைச் சோடிப்பது விக்கிரக ஆராதனை. பெர்சி யார் வீட்டிலிருந்தோ ஒரு சவுக்குக் கிளையைத் தூக்கிவந்து, தீப்பெட்டிகளில் ஜிகினாத் தாள் ஒட்டி, நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவர் வேலை முடிந்து வந்து பார்த்தார். கத்தவில்லை. அவர் ஒருநாளும் கத்தியதில்லை. நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, அவள் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தார். அவள் அழுதால் அழுது முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு அடுத்ததைக் காட்டுவார்.

நான் அடுப்படியில் இருந்தேன். இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு வர முடியாது.

டிசம்பர் 3, புதன்

பக்கத்து வீட்டுக் கிருபை அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏட்டி எமீமா, ஒனக்கென்ன கிறுக்கா? அவுக போயி இன்னும் வருசம் திரும்பல. துக்க வீட்டுல எவளாவது சோடிச்சு வைப்பாளாட்டி?"

"ஸ்டார் வெளிய கட்டலக்கா. மரம் உள்ளதான வைக்கேன்."

"உள்ள வச்சா கர்த்தருக்குத் தெரியாதாக்கும். சனத்துக்குத் தெரியாதாக்கும்."

அக்கா சொல்வது ஊர் வழக்கம்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அங்கே ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். கேரல் பாடிக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்த வீட்டு வாசலில் மேளத்தை நிறுத்தி, ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள்.

இருந்தபோது சபைச் சட்டப்படி மரம் கூடாது. போன பிறகு ஊர்ச் சட்டப்படி மரம் கூடாது. மனுஷன் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

டிசம்பர் 6, சனி

வாங்கிவிட்டேன். மார்க்கெட் பக்கம் வண்டியில் வைத்துச் சவுக்குக் கிளை விற்கிறார்கள். என் உயரத்துக்கு ஒன்று எடுத்தேன்.

"பிள்ளையள் எல்லாம் வாராவளாக்கும் டீச்சர்?" என்று விற்கிறவர் கேட்டார்.

"மக வாரா" என்றேன். சொன்னதும் சந்தோஷம் தாங்கவில்லை. நடுத்தெருவில் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

பழைய பெயின்ட் வாளியில் மணல் நிரப்பி, கிளையை ஊன்றி, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, முன்னறை ஜன்னலோரமாக வைத்தேன். எதிரே அவருடைய பிரம்பு நாற்காலி. பிப்ரவரியில் அதில்தான் உட்கார்ந்தபடியே போனார். பத்து மாதமாக அதை யாரும் நகர்த்தவில்லை, நானும் நகர்த்தவில்லை. வண்ணப் பந்து, வெள்ளி மணி, ஜிகினாச் சரம், சீரியல் பல்பு, உச்சியில் ஒரு நட்சத்திரம். பஞ்சு வாங்கவில்லை. பாளையங்கோட்டையில் பனி விழுந்ததை யார் பார்த்தார்கள்?

தள்ளி நின்று பார்த்தேன். மரம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, ஆனாலும் அழகாக இருந்தது. வீடெல்லாம் சவுக்கு வாசம். விழுந்து கும்பிட வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மரத்தடியில் குனிந்து நிமிர்ந்ததில் மூக்குக்கண்ணாடி விழுந்து காதுக்கம்பி உடைந்துவிட்டது. அவருடையதைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பவர் சரியாகத்தான் இருக்கிறது. சேர்ந்தே கிடந்தால் கண்ணும் ஒன்றாகிவிடும் போல.

டிசம்பர் 7, ஞாயிறு

பழைய கோயிலுக்குப் போனேன். எத்தனையோ வருஷம் கழித்து. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் சத்தமாகப் பாடினேன். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். எழுந்து வந்து பார்த்தால் மூன்று பந்துகள் தரையில். விழுந்து உருண்டிருந்தால் ஒன்று கட்டிலடியில், ஒன்று வாசலில் என்று கிடக்கும். இவை சுவரை ஒட்டி ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தன. பூனை வரிசை போடுமா? வரிசை போட வைப்பது என் தொழில், அது தானாக வராது என்று எனக்குத் தெரியும்.

திரும்பத் தொங்கவிட்டேன். அவ்வளவுதான். இதைப் பெரிதுபடுத்தக் கூடாது.

டிசம்பர் 9, செவ்வாய்

மத்தியானம் படுத்திருக்கும்போது முன்னறையில் இருமல் கேட்டது. அவருடைய இருமல். முதலில் இரண்டு சின்னதாக வரும், பிறகு நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு ஒன்று. பிப்ரவரியிலும் இப்படித்தான் மத்தியானத்தில் கேட்டது. அவர் எப்போதுமே இருமுகிறவர். ஒவ்வொரு இருமலுக்கும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட முடியுமா?

தெருவில் போன யாராவது இருமியிருப்பார்கள். எனக்கே தொண்டை கரகரவென்று எரிகிறது. சுக்குத் தண்ணீர் வைத்துக் குடித்தேன். இரண்டு மணிகள் கீழே இருந்தன. எடுத்துக் கட்டினேன்.

டிசம்பர் 10, புதன்

காபி இறங்கவில்லை, சீனி நாக்கில் திகட்டுகிறது. வெந்நீர் போதும், அவர் குடிப்பது மாதிரி. சீரியல் பல்பை நிறுத்திவிட்டேன், கரண்ட் வீண்.

டிசம்பர் 12, வெள்ளி

கிருபை அக்கா முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். கீரையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"நேத்து மத்தியானம் ஒங்க வீட்டுல யாருட்டி ஜெபம் பண்ணுனது?"

"யாரும் வரலியேக்கா."

"நான் கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டு நிக்கேன். 'ஆண்டவரே, இந்த வீட்டைச் சுத்திகரியும்'னு சத்தம் வருது. அப்படியே ஒங்க வீட்டுக்காரரு பண்ணுத மாதிரி. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கிச்சுட்டி."

"ரேடியோவா இருக்கும்."

"நீ எப்பட்டி ரேடியோ வாங்குன?" என்று கேட்டாள். நான் கீரையை ஆய ஆரம்பித்தேன்.

அவள் போன பிறகு முன்னறையில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அவர் ஜெபத்துக்கு ஒரு ராகம் உண்டு, கடைசி வார்த்தையை இழுப்பார். முப்பது வருஷம் கேட்ட ராகம். அது இந்தச் சுவரில் இல்லாமல் எங்கே இருக்கும்?

எழுந்தபோதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று கவனித்தேன். மரத்துக்கு நேர் எதிரே இருப்பதால் அதில்தான் உட்கார வருகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

சபையிலிருந்து பாஸ்டரம்மாவும் வெள்ளைச் சேலைகட்டிய இன்னொரு சிஸ்டரும் ஆறுதல் சொல்ல வந்தார்கள். மரத்தைப் பார்த்ததும் ஆறுதல் பாதியில் நின்றுவிட்டது.

"சிஸ்டர், என்ன இது? ஞானாபரணம் பிரதர் பார்த்தா எவ்வளவு வேதனைப்படுவாங்க!"

"அவுகதான் இப்ப பாக்க மாட்டாவளே" என்றேன்.

"மரத்துல ஆவி குடியேறும் சிஸ்டர். சொல்லுறது எங்க கடமை."

"குடியேறுனா வாடகை வாங்கிக்கிடுதேன்."

கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த வாயை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே திறந்திருக்கலாம். பெர்சி கேட்டால் சிரிப்பாள் என்று அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் நிஜமாகவே சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது எப்போது என்று நினைவில்லை.

"டிக்கெட் போட்டுட்டேம்மா. இருவத்துநாலு காலையில அங்க இருப்பேன்" என்றாள்.

டிசம்பர் 15, திங்கள்

மரத்தின் உச்சி மொட்டையாக இருக்கிறது. நட்சத்திரத்தைக் காணோம். கட்டிலடி, அடுப்படி, குப்பைத்தொட்டி எல்லா இடமும் தேடினேன். கடைசியில் அவர் பீரோவைத் திறந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகளின் அடியில், பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்தது. பேப்பர் சமமாக நாலாக மடித்திருந்தது. அவர் எதையும் நாலாகத்தான் மடிப்பார்.

பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. வேறு சாவி கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயம்தான். அவர் இருந்தபோது இந்தப் பயம் இல்லை. அப்போது அவர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

டிசம்பர் 18, வியாழன்

நேற்று ஏழு மணிவாக்கில் கேரல்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வேனில் இயேசு பிறந்த குடில் கட்டி, கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவர் ஆடிக்கொண்டு, மேளம், கிதார் எல்லாம். கிருபை அக்கா வாசலில் இரண்டு பாட்டு பாடினார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் மேளம் நின்றது. ஆடினவர் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துக்க வீடு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஒருவர் தலை குனிந்து ஜெபம் செய்ய ஆரம்பித்தார்.

எனக்கோ உள்ளே ஒரே பரபரப்பு. கேரல் வருகிறது என்று பல்பைத் திரும்பப் போட்டிருந்தேன், ஜன்னலில் மரம் தெரிகிறது, இவர்கள் என்ன இழவுப் பாட்டுப் பாட நிற்கிறார்கள்? பாடுங்கள், நன்றாக அடித்துப் பாடுங்கள் என்று சொல்லத்தான் கதவைத் திறந்தேன்.

"இங்க வேண்டாம். அடுத்த வீட்டுக்குப் போங்க" என்றேன்.

வருஷா வருஷம் அவர் இதே படியில் நின்று சொல்வது. ஜெபம் செய்தவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சரிங்கம்மா என்றார். வேன் போய்விட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

டிசம்பர் 19, வெள்ளி

மத்தியானம் படுக்கவில்லை. ஆனாலும் பாதிப் பொழுது என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 20, சனி

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சபைக்காரர்களுக்குத் தனி இடம், சிலுவைகூட வைக்கமாட்டார்கள். பெயர் எழுதிய சிமெண்ட் பலகை மட்டும். சுற்றி நெருஞ்சி மண்டியிருந்தது, பிடுங்கிப் போட்டேன். யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வாய்விட்டே பேசினேன்.

"இங்க பாருங்க. பிள்ள வாரா. நாலு நாள்தான். எனக்காகச் சும்மா இருங்க. அவ போன பொறவு நானே எல்லாத்தையும் கழட்டிப் போட்டுருதேன்."

இருக்கும்போது அவரிடம் நான் இவ்வளவு பேசியதில்லை. பேசினால் ஆமென்றோ இல்லையென்றோ ஒரு வார்த்தை வரும், அதோடு முடிந்தது. இன்று அந்த வார்த்தையும் வரவில்லை. ஆனால் அவர் அங்கே மண்ணுக்கடியில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. நடையை எட்டிப் போட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

எல்லாம் போய்விட்டது. மரத்தில் ஒரு பொட்டுச் சாமான் இல்லை. பந்து, மணி, சரம், பல்பு எல்லாம் அட்டைப்பெட்டிக்குள். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சின் நுனியை உள்ளே திணித்திருந்தது. அவர் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்தவர், இது அவர் போடும் முடிச்சு. எனக்கு அது போடத் தெரியாது. அவிழ்க்கவும் தெரியாமல் அரிவாள்மனையில் அறுத்தேன்.

உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, முழுவதையும் புதிதாகச் சோடித்தேன். நாளை மறுநாள் பிள்ளை வருகிறாள். மொட்டை மரத்தைப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவாள், பிறகு என் அடக்கத்துக்குத்தான் வருவாள்.

முன்னறையைப் பூட்டி, சாவியைக் கிருபை அக்காவிடம் கொடுத்தேன். நாளை மறுநாள் காலையில்தான் வாங்குவேன், அதுவரை நான் பின்வாசல் வழியே புழங்கிக்கொள்வேன் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. நான் சொல்லாமலே பாதி தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

சாயங்காலம் கிருபை அக்கா வந்தாள்.

"வேலை முடிஞ்சிட்டாட்டி? சாவியத் திருப்பித் தருவன்னு பாத்தேன்."

"எந்தச் சாவி?"

"மத்தியானம் வந்து வாங்கிட்டுப் போனியே."

"நான் எங்கக்கா வந்தேன்?"

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீதாம்ட்டி வந்த. இதே சேலைதான். ஆனா 'சாவியக் கொஞ்சம் தாங்கம்மா'ன்னு கேட்ட. நீ என்னைய அக்கான்னுதான கூப்பிடுவ. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஒண்ணும் பேசாமக் குடுத்துட்டேன்."

அக்காவை அம்மா என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான். பெண்கள் எல்லாரும் அவருக்கு அம்மாதான், சின்னப் பிள்ளைகள்கூட.

சாவி என் இடுப்பில் இருந்தது. முன்னறையைத் திறந்து பார்த்தோம். கீழ்க்கிளைகள் இரண்டும் காலியாக இருந்தன. அக்கா பந்துகளை எடுத்துக் கொடுக்க, நான் கட்டினேன். துக்க வீட்டில் மரம் கூடாது என்று சொன்னவள்.

பெர்சி ராத்திரி பஸ் ஏறுவாள். வராதே என்று சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அவள் ஏழாம் வகுப்பில் அழுத முகம் நினைவுக்கு வருகிறது. அவள் இங்கே வந்து நின்று, அவள் கண்ணுக்கு முன்னால் நான் அப்படி ஏதாவது செய்துவிட்டால்? பிறகு எனக்கு மகள் கிடையாது.

போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சாஞ்சு நிக்கும்மா" என்றாள். சாய்வைச் சரி செய்ய வேண்டுமாம், இன்னும் சாமான் வாங்க வேண்டுமாம். இருவரும் கடைக்குப் போகிறோம்.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பெர்சி இப்போது குளிக்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை கடையிலிருந்து வந்து, செங்கலை மாற்றி மரத்தை நிமிர்த்தினோம். அவள் ஸ்டூலில் ஏறி நின்று கட்டினாள், நான் எடுத்துக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகள், ஆபீஸ் மேனேஜர் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கால் வலித்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது பெர்சியின் முகம்தான். ஸ்டூலை விட்டு இறங்கி எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். கையில் ஒரு சிவப்புப் பந்து. காலடியில் அட்டைப்பெட்டி, அதில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. மரத்தின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

கழற்றியது அவள்தான். நான் சொல்லச் சொல்ல, இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, ஒரு எதிர்ப்பேச்சுப் பேசாமல், ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டிருக்கிறாள். "அப்பா மாதிரி என்னைய பெர்சிஸ்னு முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டீங்கம்மா. என் கை தன்னால கழட்ட ஆரம்பிச்சிட்டு" என்று பிறகு சொன்னாள்.

அந்தச் சிவப்புப் பந்தை மட்டும் அவள் பெட்டியில் போடவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குனிந்து, என் கண்ணுக்குள் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

'அம்மாதாம்ட்டி' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அப்பா, நீங்க செத்துட்டீங்க. நாந்தான் ஒரு பிடி மண்ணு போட்டேன். இது எங்க அம்மா வீடு. எங்க அம்மா எனக்காக மரம் வச்சிருக்காவ. நான் கழட்ட மாட்டேன். நீங்க போங்க."

அவர் இருந்தபோது அவள் ஒருநாளும் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது அவள் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து இருமல் ஒன்று கிளம்பி வந்தது, இரண்டு சின்னதாக, பிறகு பெரிதாக ஒன்று. அது முடிந்ததும் நான் அழுதேன். பிப்ரவரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் டீச்சர் கல்லு மாதிரி நிக்காவ என்று பேசிக்கொண்டது எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு இருமுனாவ பெர்சி" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு."

மேற்கொண்டு என்ன சொன்னேனோ, அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பெர்சி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். இருட்டும்வரை அப்படியே இருந்தோம். பிறகு லைட்டைப் போட்டு, இருவருமாகத் திரும்பவும் கட்டினோம்.

நேற்றுக் காலையில் ஆராதனைக்குப் போனோம். கிருபை அக்கா கொத்துக்கறி கொடுத்துவிட்டாள். துக்க வீட்டுக்குப் பலகாரம் பக்கத்து வீடுதான் தரவேண்டுமாம், அதுவும் ஊர் வழக்கமாம். முறுக்கு, அச்சுமுறுக்கு, கேக் எல்லாம் வந்தது. நல்ல கிறிஸ்மஸ்.

டிசம்பர் 28, ஞாயிறு

பெர்சி கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

"என்கூட வந்துருங்கம்மா. ரெண்டு பேருக்குத் தக்கன வீடு பாக்கேன்" என்றாள்.

"இங்க யாரு பாத்துக்கிடுவா?"

"இங்க யாரும்மா இருக்கா பாக்கதுக்கு?"

பஸ் நகரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

கண்ணாடி வாங்கிவந்தேன், புதிது. சீனி போட்டுக் காபி குடித்தேன். வேலை ஒன்றுமில்லை. மத்தியானம் படுத்தேன், நன்றாகத் தூங்கிவிட்டேன்.

எழுந்து முன்னறைக்குப் போனேன். மரத்தில் எல்லாம் கட்டியது கட்டியபடி இருந்தது. ஒரு பந்து விழவில்லை, ஒரு மணி இடம் மாறவில்லை. சவுக்கு காய்ந்து பழுப்பாகிவிட்டது, வாசமும் போய்விட்டது. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது.

நின்றுகொண்டே இருந்தேன். தெருவில் சத்தம் கேட்டது, கிருபை அக்கா வீட்டில் குழாய்ச் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு மாதமாக நான் எதற்கு அப்படிப் பயந்தேனோ, அது இல்லாமல் வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. என்னங்க என்றும் பெர்சி அப்பா என்றும்தான். இன்று கூப்பிட்டேன். முதலில் மெதுவாக. பிறகு மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தத்தில்.

"ஞானாபரணம்!"

பெயர் வீட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டு நின்றது. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவர் போய்விட்டார்.

பெர்சிக்குப் போன் போட்டேன். எடுத்துவிட்டாள், ஆனால் ஹலோ சொல்லவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ரொம்ப மெதுவாக, பயந்து போய்க் கேட்டாள்.

"பேசுதது யாரு? அம்மாவா?"

"அம்மாதாம்ட்டி" என்றேன். "நீ வீடு பாரு. நான் வாரேன்."

சொல்லிவிட்டு அழுதேன். அவளும் போனை வைக்காமல், நான் அழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.